மூன்று வரித் தேவாரம்

நாற்பத்தாறு வயதில் சுருதி சேரப் பாடப் பழகுகிறவன் விடும் பிழை, அவனைத் தவிர ஊர் முழுவதற்கும் கேட்கும். இந்த வயதில் பாட்டு வகுப்புக்குப் போன உங்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. குறிகாட்டுவானுக்கும் நயினாதீவுக்கும் இடையே ஆட்களை ஏற்றி ஓடும் லோஞ்சுப் படகில் இயந்திரம் பார்ப்பவன் நான். வீடு சரவணையில்.

சவர்க்கார விளம்பரம்

அம்மாவின் செத்தவீடு. பெட்டியை மூடுவதற்கு முன் தேவாரம் பாடவேண்டும். வழக்கமாகப் பாடுகிறவர் கொழும்புக்குப் போயிருந்தார். யாரோ கைபேசியில் ஒரு தேவாரத்தைப் போட்டு அம்மாவின் தலைமாட்டில் வைத்தார்கள். இரண்டாவது வரியில் பாட்டு நின்று, சவர்க்கார விளம்பரம் வந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. என் கூடப்பிறந்த வசந்தா அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தா.

“எங்கட வீட்டில ஒருத்தருக்கும் வாயில்லையே?”

காணாமற்போன ஸ

அடுத்த மாதமே சுருவிலில் யாழினி ரீச்சரின் வகுப்பில் சேர்ந்தேன். அவவுக்கு இருபத்தேழு வயது. விறாந்தையில் எட்டு வயதுப் பிள்ளைகளோடு சப்பாணி கட்டி இருந்தேன். ஒரு மாதமாக ‘ஸ’ மட்டும்தான். அம்மாவின் ஆட்டைத் திவசத்தில், அதாவது வருடம் முடிகிற நாளில், நானே பாடுவதாக அக்காவிடம் சொல்லிவிட்டேன். நாள் ஓடிக்கொண்டிருந்தது. தேவாரம் எப்போது தொடங்குவோம் என்று ரீச்சரை நாலு தரம் கேட்டுவிட்டேன். ஐந்தாம் தரம் கேட்க வாயெடுத்தபோது, பக்கத்தில் இருந்த சின்னப் பிள்ளை கையை உயர்த்தினாள்.

“ரீச்சர், மாமா பாடேக்க என்ர ஸ காணாமப் போகுது.”

இயந்திர அறை

வீட்டில் பாட வெட்கம். அதனால் லோஞ்சின் இயந்திர அறையில் பாடிப் பழகினேன். அந்த இரைச்சலோடு என் குரல் அப்படியே ஒட்டிக்கொண்டது. எனக்குச் சுருதி பிடிபட்டுவிட்டது என்று சந்தோஷத்தில் தொண்டை கிழியப் பாடினேன். ஒருநாள் நயினாதீவு இறங்குதுறை கிட்டவந்ததும் மேலே இருந்து வேகத்தைக் குறைத்துவிட்டார்கள். இரைச்சல் அடங்கியது, கண்ணை மூடியிருந்த நான் அடங்கவில்லை. கண்ணைத் திறந்தபோது மேற்படியில் பத்துப் பதினைந்து முகங்கள். அர்ச்சனைத் தட்டோடு நின்ற ஓர் அம்மா குனிந்து கேட்டா.

“தம்பி, உமக்கு உள்ளுக்க ஏதும் நோகுதே?”

முன்னால் ஓடுகிறவன்

இரண்டு கிழமை வகுப்புக்குப் போகவில்லை. நயினாதீவுக் கோயிலுக்கு வந்த ரீச்சர் என்னை இறங்குதுறையில் பிடித்துவிட்டா. எனக்கு ஏலாது, விட்டுவிடுங்கோ என்றேன். அவ கோபிக்கவில்லை. கைபேசியில் சுருதியைப் போட்டு, ஒன்றும் பாடாமல் கொஞ்ச நேரம் கேட்கச் சொன்னா. நான் கயிற்றைப் பார்த்தேன், மணிக்கூட்டைப் பார்த்தேன், போகிற வருகிற ஆட்களைப் பார்த்தேன். அரை நிமிடம் தாண்டமுன் வாய் தானாகத் திறந்துவிட்டது. அவ சுருதியை நிறுத்தினா.

“அண்ணை, உங்கட தொண்டையில பிழையில்லை. நீங்கள் கேக்கிறதுக்கு முன்னமே ஓடுறியள்.”

ஆட்டைத் திவசம்

ஐயர் கிரியையை முடித்துவிட்டு என்னைப் பார்த்தார். அம்மாவின் படத்துக்கு முன் இருந்து சுருதியைப் போட்டேன். கேட்டேன். எழும்பி ஓடிவிடலாமா என்று இருந்தது. நான் மறந்துவிட்டேன் என்று நினைத்துப் பின்னால் யாரோ முதலடியை எடுத்துக்கொடுத்தார். அப்போதும் பொறுத்தேன்.

பிறகு பாடினேன். முதல் மூன்று வரிகளும் சுருதியை விட்டு அசையவில்லை. நாலாவதில் அம்மாவின் முகம் கண்ணில் பட்டுவிட்டது. குரல் உடைந்து எங்கேயோ போய் விழுந்தது. தலையைக் குனிந்துகொண்டேன். அக்கா கண்ணைத் துடைத்துவிட்டு என் தோளில் கைவைத்தா.

“மூண்டு வரி நல்லா இருந்தது. நாலாவதைத் திருப்பிப் படி.”

திருப்பிப் பாடியும் அது சேரவில்லை. ஒரு வருடத்துக்கு மூன்று வரி என்பதுதான் என் கணக்கு, உங்களில் யாருக்காவது இதைவிடக் கெதியாக வந்திருந்தால் தயவுசெய்து எனக்குச் சொல்லவேண்டாம்.