எண்ணாமல் விட்ட களைநெல்

இலத்தூர் வயல்களில் முப்பது வருடமாகக் களை பறிக்கும் தங்கபுஷ்பம் கூட்டங்களில் வாய் திறப்பதில்லை. அன்று திறந்தாள்.

களைநெல் யாரும் விதைக்காமலே பயிரோடு முளைத்து விளைச்சலைக் கெடுப்பது. அதை இலத்தூர் வயல் ஒன்றில் கார், பிசானம் என்ற இரண்டு நெல் பருவங்களிலும் எண்ணிய ஆராய்ச்சியாளர் ஜெனி, மேலகரத்தில் கூடிய விவசாயிகளுக்குத் திரையில் காட்டினார். சதுர மீட்டருக்குக் கார் பருவத்தில் நான்கு, பிசானத்தில் பத்தொன்பது.

"கார் பருவத்துல இது குறைவாத்தான் வரும்," என்றார்.

அந்த வயல்காரர் துல்கர்னைன் தலையாட்டியதும் தங்கபுஷ்பத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கார் பருவத்தில் ஜெனி எண்ண வருவதற்கு முந்தின நாள், "ஆபீசர் வரும்போது வயலு அசிங்கமாக் கெடக்கக் கூடாது" என்று களைநெல்லைப் பிடுங்கும்படி அவளிடம் சொன்னவரே அவர்தான். பிசானத்தில் அவள் காய்ச்சலில் படுத்துவிட்டாள், பிடுங்க ஆளில்லை.

அவள் எழுந்தாள். "அண்ணாச்சி, தலைய ஆட்டாதிய. நீங்கதான பிடுங்கச் சொன்னிய? குனிஞ்சு குனிஞ்சு ஒடிஞ்சது என் இடுப்பு. பேரு பருவத்துக்கா?"

ஜெனியின் முகம் மாறியது. "எவ்வளவு பிடுங்கினீங்கம்மா?"

"வரப்புல குவிச்சுப் போட்டிருந்தேன். அதத் தாண்டித்தான நீங்க எண்ண எறங்குனிய."