ஈஸி ஓர்

எங்கள் ஆலை கேன்டீனில் கை கழுவும் இடத்துக்கு மேலே ஒரு புகைப்படம் மாட்டியிருந்தது. நீண்டு மெலிந்த படகு, அதில் இரண்டு பேர். ஒருவர் எங்கள் உற்பத்தி மேலாளர், ஒலிம்பிக் சார். சுங்குவார்சத்திரத்தில் அறை எடுத்துத் தங்கி வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், அதைப் பார்த்தபடி ஈரக் கையோடு நின்றேன். ஒலிம்பிக் போய் வந்தவரிடம் வேலை செய்யப்போகிறேன் என்று ஊருக்குப் போன் போட்டுப் பீற்றிக்கொள்ளவும் செய்தேன். அந்த மாதிரிப் படகில் பந்தயம் ஓட்டுகிறவர்கள் போகிற திசைக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவார்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தால் அந்த மனிதரை அன்றைக்கே புரிந்துகொண்டிருப்பேன்.

துடுப்புப் போட்டு அவர் கண்டது ஒரே ஒரு ஒலிம்பிக் பயணம், விளையாட்டு ஒதுக்கீட்டில் இந்த வேலை, ஆயுசுக்கும் பேச ஒரு கதை. பதக்கம் இல்லை. அதை நான் குறையாகச் சொல்லவில்லை. விடிகாலையில் ஏரியில் இறங்கி உள்ளங்கை கொப்புளம் கட்ட உழைத்த உடம்புக்கு மரியாதை உண்டு. அந்த உடம்பை எங்கள் தலையில் கட்டியதைத்தான் சகிக்க முடியவில்லை. ஷிப்ட் தொடங்குமுன் தினமும் பிரசங்கம். "படகுல எல்லார் கையும் ஒண்ணா போவணும். ரேஸ்ல பாதியில எழுந்து பாத்ரூம் போறவன் உண்டாம்மா?" அடுத்த வாரமே, கழிப்பறைக்குப் போகிறவள் இடத்தில் வந்து நிற்கும் ரிலீவர் பெண்களை எடுத்துவிட்டார். நாங்கள் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டோம். தண்ணீரில் பேர் வாங்கியவர் எங்களுக்குச் செய்த நன்மை இது.

என் அறைத்தோழிக்கு அப்போது வயிற்றில் ஐந்தாம் மாதம். ஒரு நாள் பிரசங்கம் முடிந்ததும் கேட்டாள்: "சார், படகு ஓட்டிகினு இருக்கப்போ ஒருத்தருக்கு முடியலன்னா இன்னா பண்ணுவீங்க?"

அவருக்கு வாயெல்லாம் பல். "பயிற்சியிலன்னா 'ஈஸி ஓர்'னு ஒரு குரல் குடுப்போம்மா. ஓர்னா துடுப்பு. யார் குடுத்தாலும் துடுப்பு அப்படியே நின்னுடணும். ஏன்னு கேக்கக் கூடாது."

மறுநாள் அவள் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு "ஈஸி ஓர்" என்றாள். லைனில் நின்ற முப்பது பெண்களும் கையை எடுத்துவிட்டோம். ஏன் என்று அவர் கேட்கவில்லை. சொன்ன சொல் தவறாதவர் அல்லவா. அவள் கழிப்பறையிலிருந்து திரும்புவதற்குள், வேலையைத் தடுத்தார், பிறரைத் தூண்டினார் என்று மெமோ எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தார். அதை அவர் படித்துக் காட்டியபோது நாங்கள் மறுபடி வேலையில் கை வைத்திருந்தோம். ஒப்பந்தத் தொழிலாளிக்கு விசாரணை ஏது? அன்றே வேலை போயிற்று. குன்றத்தூர் பஸ் ஏறும்போது சொன்னாள்: "யார் குடுத்தாலும்னாரே. அந்த யாருல நாம இல்ல போலகீது."

போன மாதம் அவர் ஓய்வு பெற்றார். கேன்டீனிலேயே விருந்து. அந்தப் புகைப்படத்தைக் கழற்றி மேடையில் வைத்து மாலையும் போட்டிருந்தார்கள். உயிரோடிருப்பவர் படத்துக்கு மாலை போடலாமா என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. நான் இப்போது லைன் லீடர், முன் வரிசையில் இடம். இலையில் சோறு ஆற ஆற அவர் பேசினார். "படகுல எல்லார் கையும்" என்று தொடங்கியதும், பக்கத்தில் இருப்பவளிடம் உப்புக் கேட்கிற குரலில் "ஈஸி ஓர்" என்றேன்.

ஆட்டிக்கொண்டிருந்த இரண்டு கைகளும் அவர் நெஞ்சருகே வந்து அப்படியே நின்றன. பேச்சும் நின்றது. கூட்டத்தில் அங்கங்கே, அந்த முப்பது பேரில் மிச்சமிருப்பவர்களின் கையும் இலைமேல் நின்றது. ஏன் என்று யாரும் கேட்கவில்லை.