மூன்றாவது அட்டை

எனக்கு வேத வசனங்கள் நூற்றுக்கணக்கில் மனப்பாடம். பெருமைக்காகச் சொல்லவில்லை, நான் சொல்லப்போவதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை. சின்ன வயதில் ஞாயிறு பள்ளி மனப்பாடப் போட்டிகளில் நான் வாங்கிய எவர்சில்வர் தட்டுகளில்தான் இன்றைக்கும் எங்கள் வீட்டில் சாப்பிடுகிறோம். கள்ளக்குறிச்சியில் என் தையல் கடைக்கு வருகிறவர்களுக்கு ஜாக்கெட்டோடு ஒரு வசனம் இலவசம். புருஷன் குடிக்கிறாரா, அதற்கு ஒன்று. மகளுக்கு வரன் தள்ளிப்போகிறதா, அதற்கு ஒன்று. அந்த வசனத்தை யார், யாரிடம், எந்த நிலைமையில் சொன்னார்கள் என்று கேட்டிருந்தால் முழித்திருப்பேன். மீன் கடையில் தலை வேண்டாம், வால் வேண்டாம், நடுத்துண்டு மட்டும் போடு என்கிறவளைப் போலத்தான் நான் வேதம் படித்தேன்.

எங்கள் சபையில் புது வருஷத்தன்று காலை ஆராதனை முடிந்ததும் வாக்குத்தத்த அட்டை எடுப்போம். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பூப்படம் போட்ட சின்னச் சின்ன அட்டைகள், ஒவ்வொன்றிலும் வேதத்திலிருந்து ஒரு வாக்கு. தாம்பாளத்தில் கவிழ்த்து வைத்திருப்பார்கள். ஜெபம் பண்ணிவிட்டு ஒன்றை எடுக்க வேண்டும். அந்த வருஷம் முழுக்க அதுதான் உனக்கு ஆண்டவர் கொடுத்த வார்த்தை. வர முடியாதவர்களுக்காக அந்த வீட்டு ஆள் யாராவது எடுக்கலாம், அதுவும் வழக்கம்தான்.

சில வருஷங்களுக்கு முன்னால் அப்படித்தான் என் அக்காவுக்காக நான் எடுத்தேன். அக்கா மலைமேல் கரியாலூரில் இருக்கிறாள். அருவி பார்க்க வருகிறவர்களை நம்பி அவளும் மாமாவும் ரோட்டோரமாக ஒரு டிபன் கடை நடத்துகிறார்கள். அவளுக்குச் சர்க்கரை வியாதி உண்டு. அந்தக் கார்த்திகை மழையில் அவள் வலது பாதத்தில், கட்டைவிரலுக்கு அடியில் ஒரு புண் வந்து ஆறாமல் நின்றுவிட்டது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் சுகாதார நிலையத்துக்குப் போய்க் கட்டு மாற்றிக்கொண்டிருந்தாள். போகிற அன்றைக்கெல்லாம் காலை வியாபாரம் படுத்துவிடும். நர்சம்மா புண்ணைச் சுரண்டிச் சுத்தம் செய்வார், அதற்குப் பயந்தே இவள் முந்தின ராத்திரி தூங்க மாட்டாள்.

தாம்பாளத்திலிருந்து முதலில் எடுத்த அட்டையில், நீ நடக்க வேண்டிய வழியை உனக்குச் சொல்லித் தருவேன், ஆலோசனை கொடுப்பேன் என்கிற மாதிரி ஒரு வாக்கு இருந்தது. வழி கிடக்கட்டும், நடக்க முதலில் கால் வேண்டாமா என்று நினைத்தேன். யாரும் பார்க்காமல் அதைத் திரும்பக் கவிழ்த்துவிட்டு இன்னொன்று எடுத்தேன். அதில் களஞ்சியம் நிரம்பும் என்று இருந்தது. புண்ணுக்கு எதற்குக் களஞ்சியம்? அதையும் போட்டுவிட்டேன். பின்னால் நின்றவர்கள், "சீக்கிரம் எடும்மா, சோறு ஆறுது" என்றார்கள். மூன்றாவதாக வந்தது நான் நினைத்தபடியே இருந்தது. உன் ஜெபத்தைக் கேட்டேன், உன் அழுகையைப் பார்த்தேன், உன்னைச் சுகமாக்குவேன் என்கிற வாக்கு. எனக்கு மயிர் கூச்செறிந்தது. நானே பொறுக்கி எடுத்ததற்கு எனக்கே கூச்செறிந்தது என்பதை இன்றைக்கு நினைத்தால் என்னைப் பளாரென்று அறையலாம் போலிருக்கிறது.

கோயில் வாசலிலிருந்தே போன் போட்டேன். "அக்கா, ஆண்டவர் உனக்குன்னே குடுத்திருக்காரு" என்று படித்துக் காட்டினேன். அக்கா போனிலேயே அழுதாள்.

அடுத்த வாரம் அந்த அட்டையை லேமினேட் பண்ணி எடுத்துக்கொண்டு கச்சிராயபாளையம் வழியாகப் பஸ் ஏறி மலைக்குப் போனேன். கடையில் அடுப்புக்கு மேலே, அவள் கண்ணில் படுகிற இடத்தில் ஒட்டினேன். அக்கா தோசை ஊற்றிக்கொண்டே தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"ஏன்டி, இத்த நம்பிக்கினே கட்டு மாத்தவும் போனா, சந்தேகப்படற மாரி ஆவாதா?"

அவள் என்னைத்தான் கேட்டாள். எங்கள் வீட்டில் வேதம் தெரிந்தவள் நான்தானே. நான் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

"ஆத்துல ஒரு கால், சேத்துல ஒரு கால் வெச்சிக்கினு நிக்கக் கூடாதுக்கா. நம்பனா முழுசா நம்பு" என்றேன்.

போகாதே என்று நான் சொல்லவில்லை. அந்த ஒரு வார்த்தையை நான் சொல்லவில்லை என்று பிற்பாடு எத்தனையோ தடவை எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பார்த்தேன். அந்தச் சமாதானம் பாயில் படுக்கிற வரைக்கும்தான் நிற்கும்.

கடையில் பாத்திரம் கழுவ வருகிற ஒரு மலைக்காரம்மா அப்போது பின்னால் உட்கார்ந்திருந்தார். சாமை விதைப்பு இல்லாத நாளில் வருவார். எங்கள் பேச்சைக் கேட்டவர், "உங்க சாமி மருந்து வேணாம்னு சொல்லிச்சாம்மா? நாங்க சாமிக்குப் பொங்கலும் வெக்கறோம், ஊசியும் போட்டுக்கினுதான் வர்றோம்" என்றார். கேலியே இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். நான் மிடுக்காக ஒரு வசனத்தை எடுத்து விட்டேன். எந்த வசனம் என்று நினைவில்லை. அந்த அம்மா தலையாட்டிவிட்டுப் பாத்திரத்துக்குத் திரும்பிக்கொண்டார்.

அக்கா கட்டு மாற்றப் போவதை நிறுத்திவிட்டாள். வீட்டிலேயே துணி சுற்றிக்கொண்டாள். நான் தினம் காலையில் அந்த வாக்கை என் குரலில் பேசி வாட்ஸப்பில் அனுப்புவேன். மாசி பிறந்த சமயம், "வலியே இல்லடி, சுத்தமாப் போச்சு" என்றாள். எனக்கு அந்தச் சந்தோஷத்தை அடக்க முடியவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை சபையில் எழுந்து நின்று, என் அக்காவுக்கு ஆண்டவர் சுகம் கொடுத்தார் என்று சாட்சி சொன்னேன். எல்லாரும் கை தட்டினார்கள்.

பத்து நாள் கழித்து மாமா போன் பண்ணினார். "பாப்பா, உங்க அக்காவுக்குக் காய்ச்சல் ஜாஸ்தியா கீது. கால் கருத்துப் போச்சு. கீழ இட்டாறோம்." வேனில் அவளை இறக்கியபோதே வாடை வந்தது. பெரியாஸ்பத்திரியில் டாக்டர் துணியை அவிழ்த்துப் பார்த்துவிட்டுக் கத்தினார். வலி போனது சுகம் இல்லை, நரம்பு செத்துப்போனதுதான் என்றார். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

மூன்றாம் நாள் மத்தியானம். அக்கா மருந்து மயக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தாள். என் போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது. அவள் தலையணைக்கு அடியில் எங்கள் வழக்கப்படி வேதப் புத்தகத்தை வைத்திருந்தோம். நோயாளியின் தலைமாட்டில் வைப்போமே ஒழிய, எடுத்துப் படிக்கிறவர்கள் குறைவு. அடுப்புக்கு மேல் ஒட்டியிருந்த அந்த அட்டையையும் மாமா பிய்த்து எடுத்துவந்து அதற்குள் வைத்திருந்தார். அட்டையின் அடியில் பொடி எழுத்தில் அதிகாரமும் வசன எண்ணும் போட்டிருந்தது. அத்தனை நாளில் அந்தப் பொடி எழுத்தை நான் பார்த்ததே இல்லை. அன்றைக்குச் சும்மா இருக்க முடியாமல் அந்த இடத்தைத் தேடி எடுத்தேன்.

ஒரு ராஜா சாகக் கிடக்கிறான். நீ பிழைக்க மாட்டாய் என்று தீர்க்கதரிசி வந்து சொல்லிவிட்டுப் போகிறார். ராஜா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு அழுகிறான். உடனே அந்தத் தீர்க்கதரிசியே திரும்பி வந்து, என் அட்டையில் இருந்த அந்த வாக்கைச் சொல்கிறார். அதுவரைக்கும் சரி. அட்டையில் போட்டது அவ்வளவுதான். ஆனால் இரண்டு வசனம் தள்ளி, அத்திப்பழ அடை கொண்டுவரச் சொல்கிறார் தீர்க்கதரிசி. அதைப் புண்ணின் மேல் வைக்கிறார்கள். ராஜா பிழைக்கிறான்.

ராஜாவுக்கு வந்திருந்ததும் புண்தான்.

இரண்டு வசனம்! சுகமாக்குவேன் என்று வாக்குக் கொடுத்த அதே பக்கத்தில் மருந்தும் இருக்கிறது, அதை வைத்துக் கட்டவும் சொல்லியிருக்கிறது. மலைக்காரம்மா கேட்டதற்குப் பதில் அங்கே அச்சாகிக் கிடந்தது. வேதம் தெரியாத அந்த அம்மாவுக்குத் தோன்றியது, தட்டுத் தட்டாகப் பரிசு வாங்கிய எனக்குத் தோன்றவில்லை. பக்கத்துக் கட்டிலுக்குச் சோறு கொண்டுவந்த பெண் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இன்னாக்கா, உடம்பு சரியில்லியா?" என்று கேட்டாள். புத்தகத்தை மூடி அக்காவின் தலையணைக்கு அடியில் திரும்பத் தள்ளிவிட்டேன். அக்கா எழுந்ததும் அவளிடம் நான் இதைப் பற்றி மூச்சு விடவில்லை.

அன்றிலிருந்து நான் வேதத்தை முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தேன். பக்தி வந்து ஆரம்பித்தேன் என்று பொய் சொல்ல மாட்டேன்; பயம். இன்னும் எதையெல்லாம் பாதியில் வெட்டி யார் யார் கையில் கொடுத்திருக்கிறேனோ என்ற பயம். கடையில் ஊசி கோத்துக்கொண்டே கணக்குப் பார்ப்பேன். அந்தப் பெண்ணுக்கு என்ன சொன்னோம், அவள் வீட்டில் போய் என்ன பண்ணினாளோ? ஐயர்மேல் பழியைப் போடலாமா என்றும் பார்த்தேன். எங்கள் சபையில் போதகரை ஐயர் என்போம். அவர் மருந்தை நிறுத்து என்று ஒரு நாளும் சொன்னதில்லை. சொல்லப்போனால் ஒவ்வொரு ஞாயிறும் ஒரு அதிகாரத்தை எடுத்து மேலும் கீழும் விளக்குவார். நான்தான் அந்த நேரத்தில் முன்வரிசைப் பெண்களின் ஜாக்கெட் முதுகில் என்ன டிசைன் என்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

அக்காவுக்குக் கட்டைக் கால் வந்தது. கடையில் இப்போது உட்கார்ந்தே தோசை ஊற்றுகிறாள். மாதத்தில் இரண்டு ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பஸ் ஏறி மேலே போவேன். மத்தியானக் கூட்டம் ஓய்ந்தபின் அவளுக்கு வரிசையாகப் படித்துக் காட்டுவேன். அவளுக்குக் கண்ணும் மங்கல். வம்ச வரலாற்றுப் பெயர்களைத் தாண்டிப் போனால்கூட விட மாட்டாள். "அவங்களும் பொறந்து வாழ்ந்தவங்கதானடி, படி" என்பாள்.

போன பங்குனியில் ராஜாக்களின் கதைக்கு வந்தோம். அந்த அதிகாரம் வருகிற நாளை எண்ணிக்கொண்டே இருந்தேன். அன்றைக்கு இரண்டு தாளைச் சேர்த்துப் புரட்டினேன்.

"இன்னாடி, ரெண்டு பக்கம் சேத்துத் திருப்பற?"

"ஒட்டிக்கிச்சுக்கா."

"பிரிச்சிப் படி."

படித்தேன். வாக்கு வந்ததும் அக்கா நிமிர்ந்தாள். "நம்ம வசனம்" என்றாள். அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் நான் புத்தகத்தையே பார்த்துக்கொண்டு அத்திப்பழம் வரைக்கும் படித்தேன்.

"இரு. புண்ணு மேலயா வெச்சாங்க?"

"ஆமாக்கா."

"நம்ம வசனத்துக்கு எவ்ளோ கீழ கீது அது?"

"ரெண்டு வசனம்."

அக்கா குனிந்து தன் கட்டைக் காலைப் பார்த்தாள். உள்ளே மாமா மாவரைத்துக்கொண்டிருந்தார். அத்தோடு புத்தகத்தை மூடப் போனேன்.

"நிறுத்தாத. முழுசாப் படி. நிறுத்தித்தான் இந்தக் கதி."

பிழைத்த ராஜா என்ன பண்ணினான் என்று மீதியில் இருந்தது. வெளிநாட்டிலிருந்து வந்தவர்களுக்குத் தன் பொக்கிஷத்தையெல்லாம் திறந்து காட்டிப் பெருமை அடித்துக்கொண்டான். இதெல்லாம் ஒரு நாள் கொள்ளை போகும், உன் பிள்ளைகளையும் பிடித்துப் போவார்கள் என்று தீர்க்கதரிசி சொன்னார். அதற்கு ராஜா, நல்லது, என் காலத்தில் சமாதானமாக இருந்தால் போதும் என்றான். அதிகாரம் முடியப்போனது.

"அவன் அழுவலியா?" என்றாள் அக்கா.

"இல்லக்கா."

"தனக்குன்னா செவுத்துப் பக்கம் திரும்பி அழுதான். புள்ளைங்களுக்குன்னா அழுவலியா?"

அவள் ராஜாவைப் பற்றித்தான் கேட்டாள். எனக்குத்தான் எங்கேயோ குத்தியது. பஸ் ஏறி வந்து, இரண்டு காலையும் மடக்கிச் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அக்காவுக்கு வேதம் படித்துக் காட்டி நல்ல பெயர் வாங்கிக்கொண்டிருக்கிறேன் நான். சொல்லிவிட்டேன். தாம்பாளத்தில் மூன்று தடவை எடுத்ததை, பிடிக்காத இரண்டையும் திரும்பக் கவிழ்த்ததை, இந்த அத்திப்பழம் ஆஸ்பத்திரியிலேயே எனக்குத் தெரியும் என்பதை, எல்லாவற்றையும் சொன்னேன்.

அக்கா என்னைப் பார்த்த பார்வையை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன்.

"என் காலுடி அது" என்றாள்.

அதற்குமேல் கத்தவில்லை, வையவும் இல்லை. கம்பை ஊன்றி எழுந்து உள்ளே போய்விட்டாள். மாமா ஒன்றும் புரியாமல் எனக்கு டீ கொண்டுவந்து வைத்தார். அதை நான் தொடவில்லை. கடைசி பஸ்ஸுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. இனிமேல் இந்தக் கடைப் படியேற முடியாது என்றே நினைத்து, புத்தகத்தைப் பையில் வைத்து ஜிப்பை இழுத்தேன்.

அக்கா திரும்பி வந்து எதிரில் உட்கார்ந்தாள். முகம் கழுவியிருந்தாள், கண் சிவந்திருந்தது.

"மொதல்ல வந்துச்சே, அந்த அட்டையில இன்னா போட்டிருந்துச்சு?"

சொன்னேன். நடக்க வேண்டிய வழி, ஆலோசனை.

"அது எங்க கீது, எடு. அந்த ஒரு வரி வேணாம். மொதல்லருந்து படி."

வேதத்தில் சங்கீதம் என்று இருக்கும் பாட்டுகளில் ஒன்றில் வருகிற வரி அது. நான் ஏற்கெனவே தேடிப் பார்த்து வைத்திருந்தேன். அதன் ஆரம்பத்தில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். தன் தப்பைச் சொல்லாமல் மறைத்து வைத்த ஒருவன், எலும்பெல்லாம் உலர்ந்துபோகிற மாதிரி நாள் முழுக்கத் தவித்துக் கிடந்ததைச் சொல்கிறான். ஜிப்பைத் திறந்து புத்தகத்தை எடுத்தேன். அந்தப் பக்கத்தை எடுத்து முதல் வரியில் விரலை வைத்தேன்.

"படி" என்றாள் அக்கா. "கடைசி வரி வரைக்கும் நான் இங்கதான் கீறேன்."