மணலுக்குக் காவல்

மரக்காணத்தில் உப்பளம் முடிந்து கடல் தொடங்கும் குப்பத்தில் ஏசுராஜ் என்றொரு தூண்டில்காரர். அவருடைய சொத்து கடலுக்கடியில் இருந்தது: ஒரு பார். கடலடிப் பாறைத்திட்டை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். பவளம் படர்ந்த அதன் இடுக்குகளில் களவா மீன் குடியிருந்தது. கரையில் மாதா கோயில் சிலுவையும் தண்ணீர்த்தொட்டியும் நேராகத் தெரிந்தால் படகு பாருக்கு மேலே நிற்கிறது என்று அர்த்தம்.

இந்தக் குறியை யாரும் யாருக்கும் சொல்வதில்லை. கேட்டால் இடத்தைத் தள்ளிச் சொல்வார்கள், மைத்துனனுக்கும் அப்படித்தான். பாதிரியாரிடம் பாவங்களை ஒப்புவிக்கும் பாவசங்கீர்த்தனத்தில் இந்தப் பொய்க்குக் கணக்கில்லை.

சுனாமிக்கு அடுத்த வருடம், கடலடியைப் படம் வரைந்து பாதுகாக்க ஒரு நிறுவனம் வந்தது. பாரைக் காட்டினால் சுற்றி மிதவை போட்டு விசைப்படகின் இழுவை வலையைத் தடுப்போம் என்றார் ஆய்வாளர் அனுஷியா. ஏசுராஜுக்கு வேண்டியதும் அதுதான். அந்த வலை ஒருமுறை அரைத்தால் பாறை மொட்டை. மனதார ஒப்புக்கொண்டு அழைத்துப் போனார். கடலுக்குள் போனதும் வாய் பழக்கத்தைக் காட்டியது. சிலுவையும் செல்போன் டவரும் நேராகும் இடத்தைச் சொன்னார்.

மெழுகு தடவிய ஈயக்குண்டை இறக்கினார்கள். வெறும் மணல்தான் ஒட்டி வந்தது.

“பார் இங்கதாம்மா இருந்துச்சு. அலை வந்தப்ப மண்ணு மூடிடுச்சு.”

அந்த வருடம் எதையும் அலையின் தலையில் கட்டலாம். அது வந்து மறுக்காது. அனுஷியாவுக்குக் கண் கலங்கியது. புதைந்த பாருக்குக் கூடுதல் பாதுகாப்பு தேவை என்று மணலைச் சுற்றி மஞ்சள் மிதவைகள் போட்டார்கள்.

விசைப்படகுக்காரர்கள் அன்றிலிருந்து உத்தமர்களானார்கள். மிதவைப் பக்கம் திரும்பவே இல்லை. பாறை உள்ளே இருப்பதாக வரைபடமே சொல்லிவிட்டதால், முன்பு வலை கிழியுமென்று ஒதுங்கிய இடங்களிலெல்லாம் தைரியமாக இழுத்தார்கள். ஏசுராஜின் தூண்டிலில் உடைந்த பவளம் ஏறத் தொடங்கியது.

மனைவி இன்னாசியம்மாள் விரட்டியதில் ஒருநாள் அனுஷியாவிடம் போய் உண்மையான குறியைச் சொல்லிவிட்டார். அதுவும் ஊரார் முன்னால். அனுஷியா நல்லவர், விசாரிக்காமல் எதையும் மாற்ற மாட்டார். ஏசுராஜின் மைத்துனன் மரியதாஸைக் கேட்டார். அவனும் நல்லவன், தெரிந்ததைச் சொன்னான்.

“மாமா என்கிட்ட செல்போன் டவருன்னுதான் சொல்லியிருக்காரு மேடம். சொந்த மச்சான்கிட்ட போயி பொய் சொல்வாரா? அலைக்கு அப்புறம் மனுசன் கொஞ்சம் கலங்கிப் போயிருக்காரு.”

அனுஷியா ஏசுராஜின் கையைப் பிடித்து, புதுச்சேரியில் நல்ல மனநல டாக்டர் இருப்பதாகச் சொன்னார்.

மஞ்சள் மிதவைகளுக்குள் மணல் பத்திரமாக இருக்கிறது. களவா கிடைக்காமல் ஏசுராஜ் உப்பளத்தில் கூலிக்குப் போகிறார். வரப்பில் நின்றால் சிலுவையும் தொட்டியும் நன்றாகவே தெரிகின்றன. இப்போது யார் கேட்டாலும் சரியாகச் சொல்கிறார். யாரும் கேட்பதில்லை.