பிச்சாட்டூர்த் தேனில் தாழம்பூ

நகரியிலிருந்து ராஜம்மாவின் கார்டு வந்தபோது நான் நுண்ணோக்கியில் கண்ணை வைத்திருந்தேன். கணவர் முனிரத்தினம் போய்விட்டார் என்று இரண்டே வரி. திருப்பதியில் எங்கள் சிறிய ஆய்வுக்கூடத்தில் அவருடன் வேலை பார்த்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். அழுகையோடு எனக்குச் சிரிப்பும் வருகிறது. அவரைத் தெரிந்தவர்கள் தப்பாக நினைக்கமாட்டீர்கள்.

தேனை வெந்நீரில் கரைத்து, கைப்பிடி போட்ட இயந்திரத்தில் சுற்றி, அடியில் தங்கும் மகரந்தத்தைக் கண்ணாடித் துண்டில் எடுத்து வைப்பது அவர் வேலை. அது எந்தப் பூவினுடையது என்று பார்த்துச் சொல்வது என் வேலை. நெசவுக் குடும்பத்துக் கை, ஒரு சொட்டும் சிந்தாது. "கண்ணாடியத் தொடைச்சா மட்டும் பத்தாதும்மா, தொடைச்ச துணியையும் பாக்கணும்" என்பார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தும் விடுவார்.

ஆந்திரம் தனி மாநிலமாகி, எந்த ஊர் எந்தப் பக்கம் என்ற பேச்சு ஓயாத காலம். பிச்சாட்டூர் ஏழுமலை கொடுப்பது அவர் பெட்டித் தேனே இல்லை, நாயுடுபேட்டையில் வாங்கியது என்று யாரோ கூட்டுறவுச் சங்கத்துக்கு மொட்டைக் கடுதாசி போட்டுவிட்டார்கள். நாளைக்கு எந்த மாநிலத்தில் இருப்போம் என்றே தெரியாத ஊர். அதன் தேனுக்கு மட்டும் சொந்த ஊர்ச் சான்றிதழ் வேண்டுமாம். புகார் நிஜமென்றால் சங்கம் கொடுத்த தேன்பெட்டிகளைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். ஏழுமலைக்கு அதுதான் பிழைப்பு.

நான் பார்த்தேன். தாழம்பூ மகரந்தம் அப்பிக் கிடந்தது. தாழை கடலோரப் பக்கத்துச் செடி, பிச்சாட்டூரில் ஏது? கடல் பக்கத்து நாயுடுபேட்டைச் சரக்கேதான் என்று அன்றே எழுதிச் சங்கத்துக்கு அனுப்பிவிட்டேன். அவசரம் என் கூடப் பிறந்தது.

மறுநாள் முனிரத்தினம் இன்னொரு கண்ணாடித் துண்டை நீட்டினார். அதிலும் தாழம்பூ. "இது வெறும் தண்ணிம்மா" என்றார். அப்படியென்றால் கிணற்றில்தான் கோளாறு என்று கிணற்றை இறைக்கச் சொன்னேன். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்து, ஜன்னலைச் சாத்தினார். அடுத்த நாள் அதைத் திறந்தார். என் நாற்காலியைத் தள்ளிப் போட்டார். மூன்றாம் நாள் மனைவியையே அழைத்து வந்துவிட்டார்.

ராஜம்மா கையில் கனகாம்பரச் சரம். "அம்மா, இவரு மூணு நாளா சோறே சரியா துன்றதில்ல. ஜடைல தாழம்பூ வச்சிக்கினு கீறீங்களே, நீங்க குனியும்போது அதுதான் கண்ணாடி மேல கொட்டுதாம். பொம்பள தலையப் பத்தி எப்படிப் பேசறதுன்னு என்னைக் கூட்டாந்தாரு" என்றாள். முனிரத்தினம் வராந்தாவில் நின்று வேப்பமரத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

பூவை எடுத்துவிட்டுப் புதிதாகப் பார்த்தால் புங்கமும் புளியும்தான். ஏழுமலையின் பெட்டிகளைச் சுற்றி நிற்கும் அதே மரங்கள். திருத்திய அறிக்கையோடு முனிரத்தினமே பஸ் ஏறினார், தபாலை நம்பவில்லை. பெட்டிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்களாம். இறக்க வைத்துவிட்டு வந்தார். யார் தவறு என்று கேட்கவில்லையா என்றேன். "கேட்டாங்க, சொல்லிட்டேன்" என்றார். வெட்கத்தில் நான் மேலே கேட்கவில்லை.

காரியத்துக்கு நகரி போனபோது ஏழுமலை வந்திருந்தார். "நல்ல மனுசன்மா. ஒரே ஒரு தபா கண்ணாடியச் சரியா கழுவாம உட்டுட்டேன்னு, எங்க எல்லார் முன்னாடியும் கையெடுத்துக் கும்பிட்டாரு" என்றார். அதைத் தான் அன்றே மன்னித்துவிட்டதாகவும் பெருந்தன்மையோடு சொன்னார்.

முனிரத்தினத்திடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது, எனக்காக அவர் சொன்ன அந்த ஒரு பொய். இத்தனை வருடம் தெரியாமல் அதன் நிழலில் இருந்துவிட்டேன். ஏழுமலையிடம் அங்கேயே சொன்னேன், உங்களிடமும் சொல்கிறேன்: முனிரத்தினம் கழுவாத கண்ணாடி என்று ஒன்று கிடையாது. தவறு என்னுடையது.