வேன்காரரிடம் கேட்டால் போதும்

பணம் மாற்றும் கடையில், கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து, ஊரார் எச்சில் தொட்டு எண்ணிய நோட்டுகளை மறுபடி எண்ணுவது அவள் வேலை. எல்லோருக்கும் அவள் சில்லறையக்கா. எத்தனை சோப்புப் போட்டாலும் சாப்பிட உட்கார்ந்தால் விரல் வாடையே குமட்டும். அதைவிடக் குமட்டுவது வாசல் கூட்டம். டாலர் ஏறினால் வாங்க முண்டியடிக்கும், இறங்கினால் விற்க முண்டியடிக்கும். ஆட்டு மந்தைக்காவது மேய்ப்பன் உண்டு.

அந்த மந்தையின் முதல் ஆடு அவள் வீட்டிலேயே இருந்தது. பள்ளி வேன் ஓட்டும் கணவர், ஓய்வு நேரமெல்லாம் கைபேசியில் டாலர் ஆரூடம் கேட்பார். கேட்டதைத் தன் மூளையில் உதித்ததாகவே சொல்வார். அவள் பாத்திரம் கழுவிக்கொண்டே 'உம்' கொட்டுவாள். அவர் பேச்சை மதித்தவர் அவள் முதலாளி ஒருவர்தான்.

"என்னம்மா, டாலரைப் பத்தி வீட்டுக்காரர் என்ன சொல்றாரு?" என்று தினமும் காலையில் கேட்பார். அவளும் ஒப்பிப்பாள். நம் வீட்டு மனுஷனுக்கும் வெளியே ஒரு மதிப்பு இருக்கிறதே என்று மனம் குளிரும்.

இந்த மாதம் அது வெறும் பேச்சாக இல்லை. வெளிநாட்டில் படிக்கும் மகளுக்குக் கடைசித் தவணையை டாலரில் கட்ட வேண்டும். டாலர் இறங்கிக்கொண்டிருந்தது. இன்றே மாற்றினால் சேமிப்பு வழித்துத் துடைத்தாற்போல் தீரும். பொறுத்து, இன்னும் இறங்கினால் கொஞ்சம் மிஞ்சும். ஏறிவிட்டாலோ படிப்பு அந்தரத்தில் நிற்கும்.

ரப்பர் வளையம் எடுக்கப் பின்னறைக்குப் போனபோது முதலாளி ஃபோனில் கூட்டாளியிடம் சிரித்துக்கொண்டிருந்தார்.

"ஊரே விக்குதுன்னா நாம வாங்கணும்ப்பா. அதுக்கு ஊரையெல்லாம் எதுக்குக் கேக்கணும்? நம்ம சில்லறையோட புருஷன், அந்த வேன்காரரைக் கேட்டாப் போதும். அவரு ஏறும்னு சொன்னா வித்துடுவேன். விழும்னு சொன்னா வாங்கிப் போட்டுடுவேன். என் மாடி வீடே அந்தப் புண்ணியவான் புண்ணியம்தான்!"

காறித் துப்ப வேண்டும்போல் இருந்தது அவளுக்கு. தேன் ஒழுகக் கேட்ட அந்தப் பெரிய மனுஷன் முகத்தில். இப்படித் தவறாமல் தப்பாகவே சொல்லித் தொலைக்கிற புருஷன் முகத்திலும்.

அன்று மாலை கணவர் வேன் சீட்டுறைகளைத் துவைத்துக்கொண்டிருந்தார். அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"ஏங்க, டாலர் என்னாகும்?"

நுரைக் கையோடு நிமிர்ந்தார். கல்யாணமானதிலிருந்து அவள் கேட்டதே இல்லை.

"நிஜமாவா கேக்குற? இன்னும் விழும். அவசரப்படாதே. பாப்பா பணமாச்சேன்னு எவ்ளோ யோசிச்சு வச்சிருக்கேன் தெரியுமா!" ஈரத் தரையில் விரலால் கோடு இழுத்து விளக்கினார். அவள் முதலாளி மாதிரியே தலையாட்டினாள். தன்னைப் பார்த்தே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

மறுநாள் காலை முதலாளி வழக்கம்போல் கேட்டார்.

"ஏறும்னு அடிச்சுச் சொல்றாருங்க," என்றாள். அவர் கையைத் தேய்த்துக்கொண்டு, அவள் நீட்டிய சேமிப்பு முழுவதையும் தாமே சந்தோஷமாக டாலராக்கிக் கொடுத்தார்.

அடுத்த வாரம் டாலர் எகிறியது. கையிலிருந்த டாலரையெல்லாம் விற்றுத் தீர்த்திருந்த முதலாளி முகம் பேயறைந்ததுபோல் ஆனது. ஆனால் வீட்டில் கணவர் சாப்பிடாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

"என் பேச்சைக் கேட்டுப் பொறுத்தியே. பாப்பா படிப்புல நானே மண்ணள்ளிப் போட்டுட்டேன்," என்று குலுங்கினார்.

அவளுக்குப் பொறுக்கவில்லை. "அழாதீங்க. நான் மறுநாளே மாத்திட்டேன். பணம் கட்டியாச்சு."

அவர் முகம் விரிந்தது. "கட்டிட்டியா? நல்லவேளை!" என்று கண்ணைத் துடைத்தார். துடைத்த கை அப்படியே நின்றது.

"அப்போ என்னை எதுக்குக் கேட்ட?"