பதினான்கு சக்கரமும் ஒரு காதுகுத்தும்

லாரி ஓட்டத் தெரியுமா என்று கேட்டுத்தான் டிரைவர் வேலை கொடுக்கிறார்கள். நிறுத்த இடம் இருக்கிறதா என்று ஒருவரும் கேட்பதில்லை. அடுத்த வீட்டு வாசலில் காரை விட்டுவிட்டுப் பேச்சு வாங்கியவர்களுக்கு என் கஷ்டம் கொஞ்சம் புரியும். உங்களுக்கு நாலு சக்கரம், எனக்குப் பதினான்கு. திருநெல்வேலியைச் சுற்றிக் கம்பெனிகளும் குடோன்களும் முளைத்த அளவுக்கு லாரி நிற்க இடம் முளைக்கவில்லை.

டீக்கடை நிழல்

பைபாஸில் ஒரு டீக்கடை முன்னால் வேப்பமரம் உண்டு. நிழலைக் கண்டதும் சபலப்பட்டு வண்டியை ஓரங்கட்டினேன். டீ நன்றாக இருந்தது, இன்னொன்றும் சொன்னேன். கடைக்காரர் கிளாஸை நீட்டியபடியே ரோட்டை எட்டி எட்டிப் பார்த்தார். என் லாரியைத் தவிர அவருக்கு எதுவும் தெரியவில்லை. "நீரு குடிக்கது ரெண்டு டீ. அதுக்கு என் கடையவே மறைச்சுட்டு நிக்கேரே, வே!"

கேட் விதி

கங்கைகொண்டானில் ஒரு கம்பெனிக்கு லோடு கொண்டுபோனேன். வாசலில் செக்யூரிட்டி டோக்கன் கொடுத்தார். நம்பர் கூப்பிடும்போது வண்டி இல்லாவிட்டால் வரிசையில் கடைசிக்குப் போய்விடும் என்றார். சரி என்று அங்கேயே ஓரமாக நின்றேன். ஓடி வந்து, கேட் முன்னால் நிற்கக் கூடாது என்றார். பிறகு எங்கேதான் நிற்க என்று கேட்டேன். நல்ல மனிதர், யோசித்துத்தான் பதில் சொன்னார். "கூப்பிடும்போது இங்கன நிக்கணும் அண்ணாச்சி. அதுவரைக்கும் இங்கன நிக்கப்படாது."

தங்கையின் போன்

என் தங்கை தச்சநல்லூரில் இருக்கிறாள். மாசம் நாலு தடவை அவள் தெருமுனையைத் தாண்டிப் போகிறேன். வண்டி விட இடமில்லாமல் ஹாரன் அடித்துவிட்டுப் போவதோடு சரி. அவள் மகளுக்கு மொட்டை போட்ட அன்றும் அப்படித்தான் போனேன். தாய்மாமன் மடியில் உட்கார வேண்டிய பிள்ளை, அவள் கொழுந்தன் மடியில் உட்கார்ந்தது. எனக்கு வருத்தம், அவளுக்குக் கோபம். காதுகுத்துக்கு நாள் குறித்ததும் போன் செய்தாள். "இதுக்கும் நீ வரலேன்னா, எனக்கு அண்ணனே கெடையாதுன்னு நெனைச்சுக்கிடுதேன்."

கல்யாண மண்டபம்

என் கேபினில் தினக் காலண்டர் தொங்கும். முகூர்த்தம் இல்லாத நாளில் கல்யாண மண்டபங்கள் காலியாகக் கிடக்கும். மேனேஜரைப் பிடித்தால் உள்ளே வண்டியை விட்டுக்கொள்ளலாம். தச்சநல்லூர் பக்கம் அப்படி ஒரு மண்டபத்தை நம்பித்தான் தங்கையிடம் வருகிறேன் என்று சொல்லியிருந்தேன்.

காதுகுத்துக்கு முந்தின நாள் கம்பெனி கேட்டில் என் நம்பர் வரவில்லை. மறுநாள் மத்தியானம் வா என்றுவிட்டார்கள். லோடோடு காலையில் மண்டபத்துக்குப் போனால் உள்ளே ஒரே காரும் வேனும். பிள்ளைக்குக் காது குத்த நல்ல நாள் என்றால் ஊருக்கே நல்ல நாள்தானே! இத்தனை வருஷமாகக் காலண்டர் பார்க்கிறவன், இந்த ஒரு நாளுக்கு மட்டும் பார்க்கவில்லை. மேனேஜர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "முகூர்த்தத்தன்னைக்கு இந்தப் பக்கமே வரமாட்டீரே அண்ணாச்சி, காலண்டர் கிழிக்க மறந்துட்டீரோ?"

சர்வீஸ் ரோடு

வேறு வழியில்லாமல் சர்வீஸ் ரோட்டில் ஒதுக்கினேன். அங்கே நின்ற டிராஃபிக் போலீஸ்காரர், சீட்டில் ஆள் இருந்தால் கொஞ்ச நேரம் விடுகிறேன், இறங்கினால் கேஸ் என்றார். நல்ல நேரம் முடிய அரை மணிதான் இருந்தது. தங்கைக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன். அவள் பட்டென்று போனை வைத்துவிட்டாள். இனி அண்ணன் கிடையாது என்று முடிவுகட்டிவிட்டாள் என்றே நினைத்தேன்.

கால் மணியில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. தங்கை, பட்டுப்பாவாடையில் பிள்ளை, ஊசியோடு ஆசாரி. மூன்று பேரும் கேபினில் ஏறினார்கள். மருமகளை மடியில் வைத்துக்கொண்டேன். ஆசாரி ஒரு காதைக் குத்தியதும் பிள்ளை வீறிட்டுக் காலை உதைத்தது. உதை ஹாரனில் பட்டு ரோடே அதிர்ந்தது. போலீஸ்காரர் ஓடி வந்து படியில் ஏறி எட்டிப் பார்த்தார். பிள்ளையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஆசாரி கையில் மிச்சம் இருந்த ஒற்றைக் கம்மலைப் பார்த்தார். "சரி, அந்தக் காதையும் குத்திட்டு வண்டிய எடும்."

இத்தனை வருஷ சர்வீஸில், இந்த ஊர் என் லாரிக்கு முறைப்படி ஒதுக்கிய பார்க்கிங் நேரம் ஒரு காது குத்தும் நேரம்தான்.